பெட்டிக்குள் சந்தனம்

புளிமூட்டுப் பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. கடைக்காரர் நீட்டிய பில்லில் மூன்று சாமான்கள் எழுதியிருந்தன. மதர்போர்டு புதுசு, ரேம் புதுசு, பவர் சப்ளை புதுசு. அதற்குக் கீழே சர்வீஸ் சார்ஜ். மொத்தம் ஏழாயிரத்து நானூறு ரூபாய். அப்போது என் மாதச் சம்பளம் ஆயிரத்து எண்ணூறு.

"இடிவெட்டு," என்றார் கடைக்காரர். "மின்னல் லைன் வழியா வந்து போர்டை அடிச்சு. இந்த வாரத்துல இது ஆறாவது கேஸாக்கும் அண்ணாச்சி."

திருவனந்தபுரத்தில் ஐப்பசி மழை மத்தியானம் மூன்று மணிக்கு மேல் இடியோடுதான் வரும். டெலிபோன் போகும், டிவி போகும். யாரும் மறுபேச்சில்லாமல் நம்பக்கூடிய காரணம். நானும் நம்பத்தான் ஆசைப்பட்டேன். மின்னல் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு மூச்சு சீராக வந்தது. நாலைந்து நாட்களாக நான் பயந்துகொண்டிருந்தது வேறொரு காரணத்துக்கு.

ஆனாலும் பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன். "பழைய சாமானைக் கொடுங்க."

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டபின் மூன்று வருஷம் லாரியில் கிளீனராக இருந்தவன் நான். ஒர்க்‌ஷாப்பில் புதுச் சாமான் மாட்டினால், கழற்றிய பழையதை எண்ணெய்ப் பிசுக்கோடு வண்டிக்காரன் கையில் கொடுத்துவிட வேண்டும். உடைந்த பேரிங் ஆனாலும் சரி, ஓட்டை விழுந்த ரேடியேட்டர் ஆனாலும் சரி. அதைக் கொண்டுபோய் முதலாளி முன்னால் போட்டால்தான் டிரைவர் சொல்வது எடுபடும். பழைய சாமான் இல்லாத பில்லுக்குக் காசு கிடையாது. இதை யாரும் எங்கும் எழுதி வைத்ததில்லை. நான் போன எல்லா ஊர் ஒர்க்‌ஷாப்பிலும் இதுதான் நடைமுறை.

கடைக்காரர் சிரித்தார். "இது லாரி இல்லை அண்ணாச்சி. பழைய போர்டு எக்ஸ்சேஞ்சுல கொச்சிக்குப் போயாச்சு."

"பவர் சப்ளையுமா?"

"எல்லாம் போயாச்சு. காசு கொண்டு வா, சாமானை எடுத்துட்டுப் போ."

கடைக்குள் இருந்த பெஞ்சில் எங்கள் சிபியு மூடியோடு உட்கார்ந்திருந்தது. அதன் முன்னால் ஒரு பெண் வேறொரு பெட்டியைத் திறந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் 'பழைய சாமான்' என்றபோது அவள் ஒருமுறை தலையைத் தூக்கிக் கடைக்காரரைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள். பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் சிபியு என்று சொல்கிறேன். அது என் முதலாளி மாமியுடையது. மாமி ஸ்ரீவராகத்துக்காரர். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த பணத்தில் ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கி, கிழக்கேகோட்டையில் ஒரு சந்துக்குள் ஒற்றை அறை பிடித்து டிடிபி கடை போட்டிருந்தார். அந்த ஊரில் தமிழில் டைப் அடித்துக் கொடுக்கிற இடங்கள் குறைவு. அக்ரஹாரத்துக் கல்யாணப் பத்திரிகைகளும், தெற்கே எல்லைப் பக்கத்துத் தமிழ்ச் சபைகளின் பாட்டுத் தாள்களும் எங்களுக்கு வரும். மதுரையில் ஒரு போஸ்டர் கடையில் காகிதக் கட்டின்மேல் படுத்துக்கொண்டே தமிழ் விசைப்பலகையைப் பழகியிருந்தேன். அதற்குப் பிறகு கொல்லத்தில் ஓட்டல், விழிஞ்ஞத்தில் மீன் பெட்டிக்கு ஐஸ் ஏற்றுகிற வேலை. ஐஸ் வேலையில் விரல் மரத்துப்போய் எழுத்தெல்லாம் மறந்துவிடுமோ என்று தோன்றிய ஒரு நாளில், மாமி கடை வாசலில் ஒட்டியிருந்த 'ஆள் தேவை' தாளைப் பார்த்து உள்ளே நுழைந்தேன்.

சேர்த்துக்கொண்ட அன்றைக்கே மாமி சொன்னது ஒரே ஒரு விஷயம். "இங்க பாரு, டைப் அடிக்கறது உன் வேலை. பெட்டியைத் திறக்கப்படாது. உள்ளே இருக்கறது எதுவும் உனக்குத் தெரிய வேண்டாம். மனசிலாச்சா?"

எனக்கு முன்னால் இருந்த ஆள் பெட்டியைத் திறந்து ரேமைக் கழற்றி விற்றுவிட்டுப் போயிருந்தான். ரேம் என்பது விரல் நீளத்தில் ஒரு பச்சைத் தகடு. சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். அதனால் அந்தக் கடையில் பெட்டியைத் திறப்பது என்றால் திருடுவது என்றுதான் அர்த்தம்.

கடையிலேயே படுத்துக்கொள்ள மாமி சம்மதித்திருந்தார். மின்விசிறி இருந்தது. பின்னால் நாலு கடைக்கும் பொதுவாக ஒரு குளியலறை இருந்தது. பத்து வருஷத்தில் நான் படுத்த இடங்களிலேயே தலைக்கு மேல் விசிறி சுற்றிய இடம் அது ஒன்றுதான்.

ஆயுத பூஜை அன்று மாமி குளித்துவிட்டு, வீட்டில் அரைத்த சந்தனத்தை வாழையிலையில் கொண்டுவந்தார். மானிட்டர், கீபோர்டு, பிரிண்டர், சிபியு எல்லாவற்றுக்கும் வெளியே ஒரு பொட்டும் அதன் நடுவில் குங்குமமும் வைத்தார். சிபியு மேல் முல்லைச் சரத்தைப் போட்டார். "இனிமே நாளைக்குப் பூஜை எடுக்கற வரைக்கும் தொடப்படாது," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். இலையில் பாதிச் சந்தனம் மிச்சம் இருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லாரியில் இருந்தபோது டிரைவர் வெளியே பொட்டு வைப்பதோடு விடமாட்டார். பானெட்டைத் தூக்கி எஞ்சின் தலை, பேட்டரி, ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் வைப்பார். "ஓடுறது உள்ள இருக்குறதுதானடா, பாடிக்கு வைச்சா என்ன, வைக்காட்டி என்ன," என்பார். எனக்கு வேறு எந்தப் பூஜையும் தெரியாது. தெரிந்த அந்த ஒன்றை அரைகுறையாக விட்டால் அந்த வருஷம் கெடும் என்று நிஜமாகவே நம்பினேன். கடையை உள்ளே தாழிட்டுக்கொண்டு, ஸ்டேப்ளர் பெட்டியில் கிடந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பின்பக்கத்து இரண்டு திருகுகளைக் கழற்றினேன். வயர்கள் கிளம்புகிற இரும்பு டப்பாவுக்கு, அதாவது பவர் சப்ளைக்கு, ஒன்று. மதர்போர்டு என்கிற பெரிய பச்சைப் பலகையில் இருந்த கறுப்புச் சதுரத்துக்கு ஒன்று. ஹார்ட் டிஸ்குக்கு ஒன்று. செங்குத்தாக நின்ற சின்னப் பச்சைத் தகட்டுக்கு ஒன்று. நாலு பொட்டு. கும்பிட்டுவிட்டு மூடினேன். கையில் சந்தனம் காயும்போதுதான், எதைத் திறக்கக்கூடாது என்று மாமி சொன்னாரோ அதைத் திறந்திருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது.

இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு மழை வந்தது. காகிதமெல்லாம் நமத்து, சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டியது. ஒரு நாள் காலையில் சுவிட்சைப் போட்டதும் பெட்டி நீளமாகக் கூவியது. திரையில் ஒன்றும் வரவில்லை. மறுபடி போட்டேன். மறுபடி கூவியது. ஒரு அறுபதாம் கல்யாணப் பத்திரிகை பாதி அடித்தபடி உள்ளே கிடந்தது. சந்தனம்தான் என்று எனக்கு உடனே தோன்றிவிட்டது. திறந்து துடைத்துப் பார்க்கக் கை போனது. அந்த நேரம் மாமி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒன்றும் செய்யாமல் நின்றேன். அன்றைக்கே புளிமூட்டுக் கடைக்கு ஆட்டோவில் ஏற்றினோம்.

நாலு நாள் கழித்து வந்ததுதான் அந்த பில்.

மாமி அதை வாங்கிப் படித்தார். முகத்தில் மாற்றமில்லை. "இடின்னா சொன்னான்? இடி இடிக்கறப்போ ப்ளக்கைப் பிடுங்கணும்னு உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"பிடுங்கிட்டேன் மாமி. தினமும் பிடுங்கிப்புட்டுத்தான் இருந்தேன்."

"பிடுங்கின ப்ளக் வழியா எப்படி மின்னல் வந்தது?"

பதில் இருந்தது. சொல்ல முடியவில்லை. மின்னல் வரவில்லை என்றால் வேறு எது வந்தது என்று அடுத்த கேள்வி வரும்.

"பாதி நான் போடறேன்," என்றார் மாமி. "பாதி உன் சம்பளத்துல மாசம் ஐநூறா பிடிச்சுக்கறேன். எனக்கும் வேற வழியில்லை, கேட்டியா? நாளைக்குக் காலம்பற பேங்குக்குப் போயிட்டு வரேன். ரெண்டு பேருமா போய் எடுத்துண்டு வருவோம்."

ஏழு மாதத்துக்கு மேல் ஆகும். லாரியை விட்டபின் நான் ஒரே இடத்தில் ஏழு மாதம் இருந்ததே அபூர்வம். வேலை பிடிக்காவிட்டால் பையை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவதுதான் என் வழக்கம். அன்று சாயங்காலமும் பையை எடுத்து வைத்தேன். சந்து முனையைத் தாண்டினால் பஸ்கள் நிற்கும். ஆனால் போனால் மாமி என்ன நினைப்பார் என்று தெரியும். முன்னால் இருந்தவன் ரேமோடு போனான், இவன் கடனோடு போனான் என்று. அது மட்டுமில்லை. எனக்கு அந்த டைப் வேலை பிடித்திருந்தது. விசிறியும் பிடித்திருந்தது. பையிலிருந்து லுங்கியை மறுபடி வெளியே எடுத்துக் கொடியில் போட்டேன்.

ப்ளக் பிடுங்கியிருந்தது என்பது எனக்கு மட்டும்தான் நிச்சயமாகத் தெரியும். அதனால் மின்னல் பொய் என்பதும் எனக்கு மட்டும்தான் தெரியும். மின்னல் பொய்யானால் புதுச் சாமானும் பொய்யாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி பெட்டியைத் திறப்பது. உள்ளே என் பொட்டுகள் இருந்தால் சாமான் பழையது. இல்லாவிட்டால் கடைக்காரர் சொல்வது நிஜம், நான் ஏழு மாதம் கட்ட வேண்டியதுதான். இதைச் சொல்லிவிட்டு வேலையில் எப்படி நீடிப்பது என்பதற்கு மட்டும் எனக்கு வழி தெரியவில்லை.

மறுநாள் மாமியைக் கண்டதும் கடைக்காரர் எழுந்தார். "வரணும் மாமி. அண்ணாச்சி விவரம் பறஞ்சிருப்பாரே."

மாமி பணக் கவரைக் கைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு பில்லை மேலிருந்து கீழாக ஒருமுறை உதட்டால் கூட்டிப் பார்த்தார். "கூட்டல் சரியாக்கும்," என்றார்.

கவர் வெளியே வந்தது. நான் குறுக்கே பேசினேன். "மாமி, காசு கொடுக்கிறதுக்கு முன்னால பெட்டியைத் திறந்து பார்த்துருவோம்."

"நீ பார்த்து என்ன தெரியப்போறது?"

"புதுச் சாமான்னா புதுசா இருக்கும்ல மாமி."

கடைக்காரர் கையை ஆட்டினார். "திறந்தா வாரண்டி போகும். ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு."

"ஒட்டினது நீங்கதானே?" என்றார் மாமி. "நீங்களே திறந்து காட்டிட்டு நீங்களே ஒட்டிடுங்கோ. அதுல வாரண்டி எங்க போறது?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு பெஞ்சில் இருந்த பெண்ணிடம் தலையை அசைத்தார். அவள் திருகுகளைக் கழற்றினாள். மெதுவாகக் கழற்றினாள் என்று எனக்குத் தோன்றியது. பக்கத் தகடு வழுக்கிக்கொண்டு வந்தது.

இரும்பு டப்பாவின்மேல் என் பொட்டு இருந்தது. காய்ந்து, ஓரம் வெடித்திருந்தது. கறுப்புச் சதுரத்தின்மேல் ஒன்று இருந்தது. ஹார்ட் டிஸ்கில் ஒன்று. சின்னப் பச்சைத் தகட்டில் மட்டும் இல்லை. அதன் அடிப்பக்கம் துடைத்துப் பளிச்சென்று இருந்தது.

மாமிக்குக் கண்ணாடி போட்டாலும் பெட்டிக்குள் இருந்த இருட்டில் பார்வை போதவில்லை. அவர் குனிந்து பார்த்துவிட்டு, "தூசியைக்கூடத் தட்டலை போலிருக்கே," என்று மட்டும் சொன்னார்.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். கடைக்காரர் பணத்தை வாங்கிக்கொள்வார், மூடி ஒட்டிக் கொடுப்பார். மாதம் ஐநூறு போகும். வேலை இருக்கும், விசிறி இருக்கும். கவரை மாமி மேசையில் வைத்தார். கடைக்காரர் கை நீண்டது.

"அது தூசி இல்லை மாமி," என்றேன். "சந்தனம். ஆயுத பூஜை அன்னைக்கு நான் வைச்சது."

மாமி திரும்பினார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் பில்லின்மேல் விரலை வைத்தேன். "பவர் சப்ளை புதுசுன்னு போட்டிருக்கு. மதர்போர்டு புதுசுன்னு போட்டிருக்கு. ரெண்டுலயும் என் பொட்டு எப்படி வந்துச்சு?"

கடைக்காரர் குனிந்து பார்த்தார். "அது... கம்பெனியில பூஜை பண்ணி அனுப்பியிருக்கலாம்."

"கம்பெனி எங்க?" என்றார் மாமி.

"தைவான்."

"தைவான்ல ஆயுத பூஜையாக்கும்."

கடைக்காரர் அந்தப் பெண் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தார். "நீ கண்டில்லே இதை?"

அவள் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள். "கண்டு சாரே. ரேம் ஸ்லாட்டுல இருந்ததை மட்டும் ரப்பர் வச்சுத் துடைச்சேன். மத்தது சந்தனமல்லே, பூஜைக்கு வச்சது. துடைக்க மனசு வரல்லே."

மாடிப்படியில் யாரோ இறங்கிப் போகிற சத்தம் தலைக்கு மேல் கேட்டது. பிறகு கடைக்காரர் ஒரு பிடி கிடைத்தவர்போல நிமிர்ந்தார்.

"அப்போ இதுதான் காரணம்! ஈரச் சந்தனத்தைக் கொண்டுபோய் ஸ்லாட்டுல தேச்சா எந்த மெஷின் ஓடும்? மாமி, கேடு வரவச்சது உங்க ஆளாக்கும். ஏன் அண்ணாச்சி, சந்தனத்தோட நிறுத்திட்ட? முன்னால ஒரு எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கட்டித் தொங்க விட்டிருக்கலாமே? பாலராமபுரம் வரைக்கும் ஓட்டிட்டே போயிருக்கலாம்!"

அவர் சிரித்தார். மாமி சிரிக்கவில்லை.

"அப்ப இடி விழலை?" என்றார்.

கடைக்காரர் சிரிப்பு நின்றது.

"சந்தனமா, இடியா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கோ. சந்தனம்னா ரேமைத் துடைச்சதுக்கு என்ன உண்டோ அதைத் தரேன். இடின்னா அந்த எரிஞ்ச போர்டைக் கொண்டுவந்து என் கையில கொடுங்கோ. கொச்சியிலேர்ந்து வரவழைச்சாலும் சரி. நான் இங்கேயே உட்கார்ந்துண்டிருக்கேன்."

சொன்னபடியே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கவரைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். இதற்குள் கடைக்கு வேறு இரண்டு பேர் வந்து நின்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். கடைக்காரர் அவர்களைப் பார்த்தார், திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார்.

"சர்வீஸ் சார்ஜ் எழுநூறு தந்தா மதி, அது போதும்," என்றார் தணிந்த குரலில்.

"ஒரு ரப்பர் என்ன விலை?"

"மாமி, லேபர் இல்லையா?"

முந்நூறில் முடிந்தது. மாமி பழைய பில்லில் ஒவ்வொரு வரியையும் தன் பேனாவால் அடித்தார், விடைத்தாளில் தப்புப் போடுகிற மாதிரி. கீழே முந்நூறு என்று எழுதி அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். அந்தப் பெண் கடைசித் திருகை இறுக்கும்போது என்னைப் பார்த்து, "இனி வெளியில மட்டும் வச்சா மதி, சேட்டா," என்றாள். அவளுக்கு அன்றைக்குப் பிறகு அந்த வேலை இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் நான் மறுபடி போகவில்லை.

ஆட்டோவில் பெட்டி என் மடியில் இருந்தது. மழை தொடங்கியிருந்தது. டிரைவர் இரண்டு பக்கமும் படுதாவை இறக்கிவிட்டார். மாமி நேராகப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"எப்ப திறந்தே?"

"பூஜை அன்னைக்கு. நீங்க போன பிறகு."

"எதையாவது கழட்டினியா?"

"இல்லை மாமி. பொட்டு மட்டும்தான்."

"எத்தனை?"

"நாலு."

"அங்க எத்தனை இருந்தது?"

"மூணு. நாலாவதைத்தான் அந்தப் பொண்ணு துடைச்சிருக்கு."

மனதுக்குள் சரிபார்க்கிறவர் போல உதட்டை அசைத்தார். தூரத்தில் இடி உருண்டது. பிறகு கேட்டார்.

"நான் சம்பளத்துல பிடிக்கறேன்னு சொல்லாம இருந்திருந்தா, இன்னிக்கு இதைச் சொல்லியிருப்பியா?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. திட்டுவார், பையை எடு என்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். ஒரு நல்ல பதிலைத் தேடிப் பார்த்தேன். கிடைத்தது. அதைச் சொல்லியிருந்தால் நம்பியிருக்கவும் கூடும். ஆனால் கணக்கு டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது விடை தெரிந்துதான் கேட்கிறார் என்று தோன்றியது.

"மாட்டேன் மாமி," என்றேன்.

"செரி," என்றார். அவ்வளவுதான்.

கடையில் வயர்களைப் பொருத்திச் சுவிட்சைப் போட்டேன். கூவவில்லை. திரை வந்தது. பாதியில் நின்ற அறுபதாம் கல்யாணப் பத்திரிகை அப்படியே இருந்தது. நான் டைப் அடிக்க உட்கார்ந்ததும் மாமி வெளியே போனார். இதோ வேறு ஆள் தேடப் போகிறார் என்று நினைத்துக்கொண்டே மணமக்களின் பேரன் பேத்தி பெயர்களை அடித்தேன். இரண்டு இடத்தில் பிழை விட்டேன். அரைமணி நேரத்தில் மாமி ஒரு சின்னப் பூட்டோடு திரும்பி வந்தார். சிபியுவின் பின்பக்கத்தில் இரும்பு வளையம் ஒன்று இருக்கும். அது எதற்கு என்று அதுவரை எனக்குத் தெரியாது. அதில் பூட்டை மாட்டிப் பூட்டிவிட்டு, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"முந்நூறு இந்த மாசச் சம்பளத்துல பிடிச்சுப்பேன்," என்றார். "பத்திரிகையில வரன் பேருக்கு முன்னால சிரஞ்சீவின்னு அடிச்சிருக்கே. அறுபது வயசுக்காரனுக்கு அது வேண்டாம், எடுத்துடு."

எடுத்தேன். அந்தக் கடையில் மேலும் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தேன். லாரியை விட்டால் நான் ஒரே இடத்தில் அதிக நாள் இருந்தது அதுதான். அந்தப் பூட்டு கடைசி வரை அங்கேயே தொங்கியது. அடுத்த ஆயுத பூஜைக்கு மாமி வழக்கம்போலச் சந்தனம் கொண்டுவந்து எல்லாவற்றுக்கும் வெளியே பொட்டு வைத்தார், சரம் போட்டார். கிளம்பும்போது இலையில் இருந்த மிச்சச் சந்தனத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இலையை நாலாக மடித்துக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.